ஆற்றோரக் காட்டில் ஓர் உலா

காடு என்றதும் மலையும் புலியும் நம் நினைவுக்கு வரும். ஆனால் முதன்முறை நடப்பவரும் களைப்பின்றி நடக்கக்கூடிய ஒரு சிறு காடு நம் சென்னையிலேயே உண்டு. அடையாற்றுக் கழிமுகத்தையொட்டி, 58 ஏக்கரில் அமைந்த தொல்காப்பியப் பூங்காவே அது.

ஒரு காலத்தில் அங்கே குப்பையும் கட்டட இடிபாடுகளும் குவிந்து கிடந்தன. அவற்றை அகற்றி, நீர்வழிகளைச் சீராக்கி, நம் மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நட்டனர். 2011ஆம் ஆண்டு பூங்கா திறக்கப்பட்டது.

அங்கு அலையாத்திச் செடிகளைக் காணலாம். சேற்றுக்குள் காற்று புகாது. ஆகவே அவற்றின் வேர்கள் பென்சில்களைப் போல் மேலே நீண்டு சுவாசிக்கின்றன! மிகுதியான உப்பை இலைகள் வெளியேற்றிவிடுகின்றன. வேர்களிடையே நண்டுகள் ஒளிகின்றன. கொக்கும் மீன்கொத்தியும் இரை தேடுகின்றன.

செல்ல விரும்புவோர் அனுமதி விதிகளை முன்பே விசாரித்தறிய வேண்டும். காலை வேளையே சிறந்தது. பருத்தி உடை, காலை மூடிய செருப்பு, குடிநீர், குறிப்பேடு போதும். உரக்கப் பேசினால் பறவைகள் பறந்துவிடும், மெல்ல நடப்போம். பூவையும் பறிக்க வேண்டாம்.

பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில்தான் கலக்கிறது. இங்கே வாய்க்காலில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை, அங்கே சுவாசிக்கும் வேரைச் சென்று மூடலாம். ஆகவே மாணவியரே, அந்தக் காட்டைக் காக்கும் பணி நம் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது.