கழுத்தின் கருமை அழுக்கன்று

கிளிநொச்சிப் பகுதி மாணவன் ஒருவனை, "கழுத்தைக் கழுவாமலோ பள்ளிக்கு வந்தாய்?" என்று நாம் ஒருநாள் வகுப்பிற் கடிந்துகொண்டோம். பருத்த பிள்ளை. தலை குனிந்தபடியே, "அம்மா ஒவ்வொரு நாளும் சவுக்காரம் போட்டு உரஞ்சிறவ, சேர். போகுதில்லை" என்றான். பின்னர் வைத்தியர் ஒருவரிடம் விசாரித்தறிந்து வெட்கமடைந்தோம். பருத்த பிள்ளைகளின் கழுத்திலும் கக்கத்திலும் தடித்துப் படரும் அக்கருமை அழுக்கன்று. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாகவே அது பெரும்பாலும் தோன்றுகிறது.

இன்சுலின் கணையத்திற் சுரப்பது; உணவிலிருந்து வரும் குளுக்கோசைத் தசைகளுட் புகச் செய்வது. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு ஏறுங்கால் தசைகள் அதன் ஏவலுக்கு எளிதில் இணங்கா. கணையமோ மேலும் மேலும் சுரந்து ஈடுசெய்யும். அது தளரும் நாளில் நீரிழிவு வந்து சேரும்.

வன்னியில் இதனைப் பேசுவது எளிதன்று. 2009 ஆம் ஆண்டில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தனர். கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்க்குத் தன் பிள்ளையின் கொழுத்த கன்னம் கண்கொள்ளாக் காட்சியன்றோ? ஆயினும் 1944–45 இல் ஒல்லாந்து தேசத்துப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தோரை ஐம்பது வயதளவிற் சோதித்த வைத்தியர்கள், குளுக்கோசைக் கையாளும் ஆற்றல் அவர்களிடம் குன்றியிருக்கக் கண்டனர். கருவிற் பசியறிந்த உடல், பின்னர் வரும் மிகையுணவைத் தாங்க வல்லதன்று போலும். 2009 இல் கருவிலிருந்த நம் பிள்ளைகளை எண்ணும்போது இச்செய்தி நம்மை உறுத்துகிறது.

இதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடுதல் பெருந்தவறு. அது வளரும் உடல். முதலில் நிறுத்தத்தக்கது மென்பானம். நூறு மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானத்தில் அரை லீற்றர் அருந்தினால் 50 கிராம், அஃதாவது ஏறக்குறைய பன்னிரண்டு தேக்கரண்டிச் சீனி, உட்செல்கிறது. 2016 முதல் இலங்கையிற் போத்தல்களில் இடப்படும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறிகளை வாங்குமுன் பார்த்தல் நன்று. சோற்றைச் சற்றுக் குறைத்து, கீரையும் பயறும் மீனும் கூட்டுக. காலையிற் பாணுக்கும் சீனிச் சம்பலுக்கும் பதிலாகக் குரக்கன் பிட்டும் அவித்த கௌபியும் இருக்கலாம்.

உணவினும் நாம் வற்புறுத்துவது ஓட்டத்தையே. ஓடும் தசை இன்சுலினின் துணையில்லாமலும் குளுக்கோசை உட்கொள்ளும். ஆகவே நிறை குறையாதபோதும் உள்ளே நன்மை விளைகிறது. தராசைப் பார்த்துச் சோர வேண்டியதில்லை. ஐந்து முதல் பதினேழு வயதினர்க்கு நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த ஒரு மணி நேரத்தை எங்கே தேடுவது? ரியூசனுக்கு மோட்டார்ச் சைக்கிளிற் கொண்டுபோய் விடாது துவிச்சக்கர வண்டியில் அனுப்பலாம். உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் வாங்கும் ஆசிரியர்களுள், ஒளிப்பானேன், நாமும் ஒருவர். அக்கடன் திருப்பிக் கொடுக்கப்படுவதேயில்லை.

கருமை கண்ட பெற்றோர் பிள்ளையை அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, வெறுவயிற்றில் இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும்.

அம்மாணவன் இப்பொழுது மாலைதோறும் கிளித்தட்டு மறிக்கிறான். நிறை பெரிதாகக் குறையவில்லை. கழுத்து மட்டும் சற்று வெளுத்திருக்கிறது. தாயாரோ சவுக்காரத்தை மாற்றியதன் பலன் என்கிறார்.