சிறைக்கதவைத் திறந்த கணக்கு

பாண்டியன் நெடுஞ்செழியன் இயல்பில் கொடுங்கோலன் அல்லன். ஆயினும் பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஆராயாது ஆணையிட்டான், கோவலன் மாண்டான். சிலம்பின் உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்னும் எளிய சோதனை கொலைக்குப் பின்னரே நடந்தது. சான்று காலந்தாழ்ந்து வந்ததால் மதுரை எரிந்தது என்பதைச் சிலப்பதிகாரம் கற்ற மாணவர் யாவரும் அறிவர்.

எழுதி வைத்தலின் அருமையை இஸ்லாமும் வலியுறுத்துகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே ஆகும். கலீபா உமர் (ரலி) அவர்கள், பொதுநிதியில் பங்கு பெறுவோரைப் பெயர் பெயராகப் பதியும் 'தீவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். ஏட்டில் ஏறாத மனிதர் ஆட்சியாளரின் கண்ணுக்கும் படமாட்டார் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம். நம் நாட்டுச் சிறைகளில் இவ்வுண்மை எவ்வாறு மெய்ப்பட்டது என்பதைக் காண்போம்.

பீகார் தந்த பட்டியல்

1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராயிருந்த கே.எஃப். ரஸ்தம்ஜி, பீகார்ச் சிறைகளைப் பார்வையிட்டார். அங்கே விசாரணையே தொடங்கப் பெறாமல் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தோரைக் கண்டார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய உச்சத் தண்டனையைக் காட்டிலும் மிகுதியான காலத்தை அவர்களுள் பலர் சிறையில் கழித்துவிட்டிருந்தனர். இச்செய்தி 1979 சனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வெளிவந்தது. வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அதனைக் கொண்டு உச்சநீதிமன்றத்தை அணுகினார். கைதிகளுள் ஒருவரான ஹுசைனாரா காத்தூனின் பெயரே வழக்கின் பெயராயிற்று.

நீதியரசர் பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என அறிவித்தது. அத்துடன் நில்லாது, விசாரணைக் கைதிகளை ஆண்டுவாரியாகவும், சிறுகுற்றம் பெருங்குற்றம் எனப் பிரித்தும் அட்டவணையிட்டுத் தாக்கல் செய்யுமாறு பீகார் அரசுக்கு ஆணையிட்டது. இவ்வழக்கின் விளைவாக விடுதலை பெற்றோர் ஏறத்தாழ 40,000 பேர் என்பர். சட்டம் அதற்கு முன்பும் இருந்தது, பட்டியல்தான் இல்லாதிருந்தது!

மாணவர்கள் செய்த ஆய்வு

பிணை கிடைத்தும் வெளிவர இயலாதோர் வேறொரு கூட்டத்தினர். 1978இல் வந்த மோதி ராம் வழக்கில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணைதாரர் கேட்கப்பட்டது. அவருடைய உடன்பிறந்தார் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது எனக் கூறி ஏற்க மறுத்தனர். நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் இதனைக் கடிந்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடுவித்தார்.

பணமில்லாதவரை விடுவித்தால் ஓடிவிடுவார் என்னும் அச்சம் மெய்தானா? இவ்வினாவுக்கு 1961இல் நியூயார்க் நகரில் விடை தேடினர். வேரா அமைப்பு நடத்திய மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தில், சட்டக் கல்லூரி மாணவர்கள் கைதானோரை நேரில் கண்டு, வசிப்பிடம், குடும்பம், தொழில், முன்குற்றம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்தனர். ஊரில் வேரூன்றியவர் எனத் தெரிந்தோரைப் பணமின்றி விடுவிக்கப் பரிந்துரைத்தனர். மூன்றாண்டுகளில் அவ்வாறு வெளிவந்தோர் 3,500 பேருக்கு மேல். நீதிமன்றம் வரத் தவறியோர் நூற்றுக்கு இருவர்கூட இலர். 1966இல் அமெரிக்கக் கூட்டரசின் பிணைச் சட்டமே திருத்தம் பெற்றது. நீதியரசர் பகவதியும் ஹுசைனாரா தீர்ப்பில் இத்திட்டத்தை எடுத்துக்காட்டினார்.

நம் கரையிலிருந்து நோக்கினால்

வள்ளியாறு கடலொடு கலக்கும் கடியப்பட்டணத்திலிருந்து இதனை எண்ணிப் பார்ப்போம். நம் கடற்கரை மக்கள் மீன்வளம் தேடிப் பிற மாவட்டங்களுக்கும் அயல் மாநிலங்களுக்கும் செல்வோர். அவர்களுள் ஒருவர் தொலைவிலுள்ள துறைமுகம் ஒன்றில் ஏதோ ஒரு வழக்கில் சிக்கினால், அவ்வூரில் வீட்டு வரி ரசீதுடன் நீதிமன்றம் ஏறிப் பிணை நிற்பவர் யார்? குற்றம் செய்தாரா என்பது தெளியுமுன்னரே அவர் மனைவி மக்கள் தண்டனை அடைந்துவிடுகின்றனர். இந்நிலையை உணர்ந்தே, உள்ளூர்ப் பிணைதாரரை வலியுறுத்த வேண்டாம் என உச்சநீதிமன்றம் 2023 சனவரியில் கருத்துரைத்தது. பிணை ஆணை பிறந்து 7 நாளில் கைதி வெளிவராவிடில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் எனவும் பணித்தது. மோதி ராம் தீர்ப்புக்குப் பின் 45 ஆண்டுகள் கழித்தும் இதனை மீண்டும் கூற வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இன்னும் முடியாத கணக்கு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர் தீர்ப்பு பெறாதோர்.

2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, உச்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதிக்கும், முன்பு எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவருக்கும் விடுதலைக்கு வழி செய்கிறது. மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளோர்க்கும் இது பொருந்தாது. அக்காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. கைதான நாளும் வழக்கின் பிரிவும் பதிவேட்டில் பிழைபட்டிருந்தால், சட்டம் தந்த உரிமை ஏட்டிலேயே உறங்கிவிடும். மாவட்ட நீதிபதி தலைமையில் கூடும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவும் இப்பதிவையே நம்பியுள்ளது.

எனவே மாணவச் செல்வங்களே! நியூயார்க் மாணவர் கையில் இருந்தவை ஒரு வினாத்தாளும் ஓர் எழுதுகோலுமே. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராகச் சேர்ந்து, கைதானோர் குடும்பங்களுக்கு உரிய விவரங்களைத் திரட்ட உதவ உங்களாலும் இயலும். ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் பங்குப் பேரவையினரும், சிறையிலிருக்கும் தம்மூராரின் பெயர், கைதான நாள், பிணையின் நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். கோவலனுக்குக் கிடைக்காத ஆராய்ச்சி இனி ஒருவருக்கேனும் உரிய காலத்தில் கிடைக்குமாயின், நாம் கற்ற எண்ணும் எழுத்தும் பயன் பெற்றவையாகும்.