வெள்ளி அடைப்புக்கு விடை. பல் நிற அடைப்புக்கு என்ன விலை?

சொத்தைப் பல்லை அடைக்கப் பயன்படும் பாதரசக் கலவையான அமால்கத்தை 2034-க்குள் கைவிடுவது என, 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. 2018-இல் அவ்வுடன்படிக்கையை உறுதி செய்த இந்தியாவும் இதற்கு ஆயத்தமாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு முதல் கடைவாய்ப் பற்களைக் காத்துவந்த 'வெள்ளி அடைப்பு' விடைபெறுகிறது. அதன் இடத்துக்கு வரும் பல் நிற அடைப்புகள் அதே அளவு உழைக்குமா என்பதே இப்போது எழும் கேள்வி.

பாதரசம் விலக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அமால்கத்தின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசமே. மருத்துவமனைக் கழிவுநீர் வழியாக அது மண்ணிலும் நீரிலும் சேர்கிறது. எங்கள் தேனி மாவட்டத்துக்கு மேலே கொடைக்கானலில் இருந்த வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் எட்டப்பட்டது. பாதரசத்தின் உண்மையான செலவு எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு இதுவே சான்று. அதற்காக, வாயில் உறுதியாக இருக்கும் பழைய அடைப்பை அச்சத்தால் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும். நல்ல பல்லும் தேயும்.

மாற்றுப் பொருள்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, நுண்ணிய கண்ணாடித் துகள்கள் கலந்த பிசினாகிய காம்போசிட். நீல ஒளி பட்டதும் இறுகும் இது, பல்லோடு ஒட்டிக்கொள்வதால் நல்ல பல்லை அதிகம் குடைய வேண்டியதில்லை. ஆனால், இறுகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு சுருங்கும். அடுக்கடுக்காக வைத்து இறுக்காவிட்டால் ஓரத்தில் இடைவெளி விழும். அதன் வழியே கிருமி நுழைந்து அடைப்புக்கு அடியில் மீண்டும் சொத்தை உண்டாகும். ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டாலும் பிடிப்பு தளரும். அமால்கம் இத்தகைய குறைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

மற்றொன்று கிளாஸ் அயனோமர். இது பல்லோடு வேதிமுறையில் பிணைந்து, ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். மின்சாரம் இல்லாத இடத்தில்கூட கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டி இதை வைத்துவிடலாம். பால் பற்களுக்கும் ஈறோரச் சொத்தைக்கும் ஏற்றது. எனினும், அகன்ற கடைவாய்க் குழிகளில் மெல்லும் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை இதற்குக் குறைவு.

ஆய்வுகள் சொல்வதென்ன? லிஸ்பன் நகரில் 8 முதல் 12 வயது வரையிலான சிறார்களிடம் ஏழு ஆண்டுகள் வரை நடந்த ஆய்வில், அமால்கம் அடைப்புகளில் 94.4 விழுக்காடும், காம்போசிட் அடைப்புகளில் 85.5 விழுக்காடும் நிலைத்தன. காம்போசிட் தோற்றதற்கு முதன்மைக் காரணம் மறுசொத்தை. ஆனால், நெதர்லாந்தில் 12 ஆண்டுக் காலத்தை ஆராய்ந்தபோது, சொத்தை விழும் வாய்ப்பு குறைந்தவர்களிடம் பெரிய காம்போசிட் அடைப்புகள் அமால்கத்தை விஞ்சின. ஆக, அடைப்பின் ஆயுள் பொருளை மட்டும் பொறுத்ததன்று. வைப்பவரின் திறனும் அவர் ஒதுக்கும் நேரமும், வாயின் தூய்மையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என் கவலை இங்குதான் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு. 800 ரூபாய் அடைப்பு நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 200 ரூபாய். 1,500 ரூபாய் அடைப்பு பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தால் 125 ரூபாய்தான். ராயப்பன்பட்டியின் திராட்சைத் தோட்டத்தில் நாள் கூலிக்குச் செல்பவருக்கு இக்கணக்கு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு முறையும் உத்தமபாளையத்துக்கோ கம்பத்துக்கோ பேருந்தேறினால் அன்றைய கூலியும் போகும். தவிர, அடைப்பை மாற்றும்போதெல்லாம் குழி பெரிதாகும். பின்னர் வேர் சிகிச்சை, உறை எனச் செலவு ஏறும். இயலாதவர் பல்லைப் பிடுங்கிவிடுவார்.

எனவே, அமால்கத்தைத் தடை செய்வதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளுக்கு ஒளிக்கருவியும், எச்சிலை உறிஞ்சும் கருவியும், ஒரு நோயாளிக்குப் போதிய நேரமும் தேவை. ஓராண்டில் எத்தனை பற்கள் அடைக்கப்பட்டன என்று எண்ணுவதைவிட, ஐந்தாண்டு கழித்து எத்தனை அடைப்புகள் நிற்கின்றன என்று எண்ணுவதே பயனுள்ள அளவுகோல். பள்ளிகளில் பல் பரிசோதனையும், ஃபுளோரைடு கலந்த பற்பசையால் இருவேளை துலக்கும் பழக்கமும், இனிப்பில் கட்டுப்பாடும் இவற்றுக்கு முன்னே வரவேண்டும்.

பாதரசத்தின் சுமையை மண்ணிலிருந்து இறக்கும் நற்செயல், அந்தச் சுமையை ஏழைகளின் சட்டைப் பைக்கு மாற்றுவதாக அமைந்துவிடக் கூடாது.