ஒரே மாத்திரை, இரு வேறு விளைவு

இரவில் விழுங்கும் தூக்க மாத்திரை, விடிவதற்குள் தன் வேலையை முடித்துவிட வேண்டும். காலையிலும் அது குருதியில் எஞ்சியிருந்தால் என்ன ஆகும்? எழுந்து நடமாடினாலும் கவனம் மந்தமாகவே இருக்கும். அந்நிலையில் கார் ஓட்டினால் விபத்து நேரலாம்.

சோல்பிடெம் என்னும் தூக்க மருந்து 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண், பெண் இருபாலாருக்கும் 10 மில்லிகிராம் என்ற ஒரே அளவே பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் அதை உட்கொண்டு ஏறத்தாழ 8 மணி நேரம் கழிந்த பின்னும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கக்கூடிய அளவு மருந்து 100க்கு 15 பெண்களின் குருதியில் காணப்பட்டது. ஆண்களிலோ 100க்கு 3 பேரிடம் மட்டுமே! பெண்ணுடல் இம்மருந்தை மெதுவாக வெளியேற்றுவதே காரணம். 2013 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெண்களுக்குரிய அளவைப் பாதியாகக் குறைக்கச் செய்தது.

மருந்து ஆய்வுகளில் பெண்கள் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்தனர். கருவுறக்கூடிய பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்கலாகாது என 1977இல் அதே நிர்வாகம் அறிவுறுத்தியிருந்தது. கருவுக்குத் தீங்கு நேரலாம் என்ற அச்சமே காரணம். 1993இல்தான் அத்தடை நீங்கியது.

சோதனைக்கூட விலங்குகளிலும் இதே நிலைதான். 2009இல் வெளியான நரம்பியல் ஆய்வுகளுள், பெண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவற்றைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டவை ஆண் விலங்குகளை மட்டுமே பயன்படுத்தின.

மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. தற்கொலையால் இறப்போரிலோ ஆண்களே அதிகம். எனவே இருபாலாரையும் ஆய்வில் சேர்த்தால் மட்டும் போதாது. முடிவுகளைத் தனித்தனியே கணக்கிட்டும் பார்க்க வேண்டும். சராசரிக்குள் உண்மை மறைந்துவிடக் கூடாதல்லவா?