பென்சில் பருமனில் ஒரு யானைக் குண்டு

வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். இன்று படித்தால் வயிற்றைப் பிசையும் கணக்கு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் எதைக் கொண்டு வீழ்த்தினார் என்பது துப்பாக்கிக்காரர்களை இன்றும் பேசவைக்கிறது. 7 மில்லிமீட்டர் மௌசர்! குண்டின் பருமன் ஒரு பென்சில் அளவு, எடை 11 கிராம் சொச்சம். அதே காலத்தில் லண்டன் கடைகள் பெரும் விலங்குகளுக்கென்று ‘.600 நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ விற்றுக்கொண்டிருந்தன. துப்பாக்கியே ஏறக்குறைய ஏழு கிலோ. குண்டு 58 கிராம். பாயும் ஆற்றலிலும் அது மௌசரைப்போல் நான்கு மடங்கு.

பிறகு பென்சில் எப்படி வென்றது?

கெட்டித் தரையில் குழி தோண்ட நாம் கடப்பாரையை எடுக்கிறோம், சம்மட்டியை அல்ல. இரண்டும் ஒரே எடை இருக்கலாம். கடப்பாரையின் எடை முழுவதும் சிறிய முனைக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறது. அதனால் உள்ளே இறங்குகிறது. குண்டுக்கும் இதே கணக்குதான். எடையை அதன் குறுக்குப்பரப்பால் வகுத்துப் பாருங்கள். மௌசர் குண்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 27 கிராம். அந்தப் பூதத்துக்குச் சுமார் 30. கிட்டத்தட்ட சமம்! வேகத்திலோ ஒல்லிக்குண்டு முந்துகிறது: நொடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர், பெரியதற்கு 600-க்குச் சற்றுக் குறைவு. பெரியது அகலமாகத் துளைக்கும், அவ்வளவுதான். ஆழத்தில் சின்னது சளைக்காது.

ஆழம் மட்டும் போதாது, இடமும் தெரிய வேண்டும். யானையின் மூளை மண்டைக்குள் தாழ்வாக, பின்பக்கமாக ஒளிந்திருக்கிறது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் தேன்கூடுபோல் காற்றறைகள் நிறைந்த எலும்பு. பெல் மண்டையோடுகளை அறுத்துப் பார்த்தே அந்த இடத்தைப் படித்தார். தோளை உதைக்காத துப்பாக்கி என்பதால் சுடும்போது கண் சுருங்கவில்லை, கை நடுங்கவில்லை. மறைவில்லாத புல்வெளியில் நிதானமாகக் குறிவைக்க அதுவே உகந்தது.

அடர்ந்த புதரில் பத்தடி தூரத்திலிருந்து யானை பாய்ந்து வந்தால் கதை வேறு. அங்கே மூளையைத் தேட நேரமில்லை. குறி சற்றுத் தப்பினாலும் மண்டையில் இறங்கும் கனத்த குண்டு யானையைத் திகைத்து நிற்க வைக்கக்கூடும். சின்னக் குண்டு அப்படிச் செய்யாது. கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் அருமை அங்கேதான்: அடுத்த வெடிக்கு எதையும் இழுத்து மூட வேண்டியதில்லை, விரலை மறு விசைக்கு நகர்த்தினால் போதும். பல ஆப்பிரிக்க நாடுகள் இன்று இத்தகைய விலங்குகளுக்கு .375 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள துப்பாக்கியை அனுமதிப்பதில்லை. எல்லோரும் பெல் ஆகிவிட முடியாதே.

குண்டின் உடம்பும் முக்கியம். பெல் பயன்படுத்தியது முழுக்க உலோக உறையிட்ட குண்டு. எலும்பில் பட்டும் உருக்குலையாமல் போகும். அதே குண்டு மானைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். மான் காயத்தோடு ஓடி எங்கோ துடித்துச் சாகும். அதனால் மானுக்கு ஈயமுனை திறந்த குண்டு. உள்ளே போனதும் காளான்போல் விரிந்து அங்கேயே ஆற்றலை இறக்கிவைக்கும். கல்கத்தா அருகே டம்டம் தொழிற்சாலையில் உருவாகிப் பெயர்பெற்ற வகை இது. 1899-இல் ஹேக் மாநாடு போரில் இதைத் தடைசெய்தது. வேட்டையிலோ கருணை என்று கருதப்படுவதே இதுதான். விந்தையான முரண்.

இந்தியாவில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டும் விலங்குக்கேற்பத் துப்பாக்கியை மாற்றினார்: ஒரே ஆள், இரண்டு துப்பாக்கி. புலிக்குக் கனத்த .450/400 இரட்டைக்குழல். 1926-இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை மாமரத்தின் மேலிருந்து இரவில் சுட்டது .275 ரிக்பியால். பெயர்தான் வேறு, அது பெல்லின் 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான். சேலம் மாவட்டக் காடுகளில் திரிந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனுக்கு .405 வின்செஸ்டர், கீழே உள்ள நெம்பை ஆட்டினால் மடமடவென அடுத்தடுத்துச் சுடலாம்.

சில வேளை தேர்வு வேட்டைக்காரர் கையிலேயே இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு .450 துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் விடாமல் தடுத்தது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளும் அதே அளவு. கலகக்காரர்களிடம் இருந்த அந்தத் துப்பாக்கிகளுக்குக் குண்டு கிடைத்துவிடும் என்ற பயம். லண்டன் கம்மியர்கள் உடனே .465, .470 என்று புதியவற்றைச் செய்தார்கள். குண்டின் பருமனில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை.