சுருங்கினும் குறையாத கோப்பு

கோப்புறை ஒன்றைச் சுருக்கும் செயலிக்குக் கடமை இரண்டு. இடம் குறைய வேண்டும். உள்ளிருக்கும் தகவலில் ஒரு பிட்டும் குறையலாகாது. முரண்போல் தோன்றும் இவ்விரண்டையும் ஒன்றாக்குவது, மீண்டும் வருவதை மீண்டும் எழுதாமை என்னும் நெறியே.

1952-இல் டேவிட் ஹஃப்மன் ஒரு வழி கண்டார். அடிக்கடி வரும் குறிக்குச் சிறிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு என்பது அவ்வழி. 1977-இல் ஆபிரகாம் லெம்பலும் ஜேக்கப் சிவ்வும் மற்றொன்று கண்டனர். முன்பு வந்த தொடர் திரும்ப வந்தால், எவ்வளவு பின்னே சென்று எத்தனை பைட்டு எடுப்பது என்னும் குறிப்பை மட்டும் எழுதுவது அது. 1989-இல் ஜிப் வடிவத்தை அளித்த ஃபில் காட்ஸ், பின்னர் இரு வழிகளையும் இணைத்து டிஃபிளேட் முறையை அமைத்தார். அது 32,768 பைட்டு வரை பின்னோக்கித் தேடும். ஒரே குறிப்பால் 258 பைட்டு வரை மீட்கும்.

தமிழ் உரை இம்முறைக்கு நன்கு இசைகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகி 15 பைட்டு கொள்ளும். ஒவ்வொரு குறியின் முதல் பைட்டும் 224; இரண்டாவது 174 அல்லது 175. இங்ஙனம் திரும்பத் திரும்ப வருவதே சுருக்கத்திற்கு இரையாகிறது. முன்பே சுருங்கிய ஜேபெக் படத்திலோ இத்தகைய மிகை இல்லை. அதனை மீண்டும் சுருக்க முயல்வதால் பெரும்பயன் விளையாது.

கோப்புறையைச் சுருக்குவதில் கணக்கினும் ஒழுங்கே பெரிது. நிரல் உட்கோப்புறைகள்தோறும் இறங்கி, ஒவ்வொரு கோப்பின் பெயரையும் தொடக்கக் கோப்புறையிலிருந்து அது இருக்கும் வழியோடு பதிய வேண்டும். வெற்றுக் கோப்புறையையும் விட்டுவிடலாகாது. தமிழ்ப் பெயர்கள் சிதையாதிருக்க, பெயர் யுடிஎஃப்-8 என்பதை உணர்த்தும் கொடியை இட வேண்டும். பெருங்கோப்பை முழுதும் நினைவகத்தில் ஏற்றாது, சிறு சிறு பகுதிகளாகப் படித்து எழுதுதல் நன்று. 4 ஜிபி எல்லையைக் கடக்கும் கோப்புக்கு ஜிப்64 என்னும் விரிவு வடிவம் வேண்டும். சுருக்கிய பொதியை விரிக்கையில், மேற்கோப்புறைக்குத் தாவும் வழிகளைக் கொண்ட பெயர்களை மறுத்தல் வேண்டும். இன்றேல் தீயோர் அனுப்பிய பொதி, பிற கோப்புகளின்மேல் எழுதிவிடக்கூடும்.

ஜிப் பொதி, ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்னும் சரிபார்ப்பு எண்ணைத் தாங்குகிறது. விரித்தபின் கணக்கிட்ட எண் அதனோடு பொருந்தாவிடின், கோப்பு பழுதுற்றது என்று அறியலாம். ஆகவே நிரல் எழுதுவோரே, மூலத்தை நீக்குமுன் பொதியை ஒருமுறை விரித்து, அவ்வெண்ணைச் சரிபாருங்கள். சுருக்கிய அளவு திறமையைக் காட்டும். பழுதின்றி மீட்டதே நம்பிக்கையைத் தரும்.