ரத்தம் கொடுத்தவருக்கு என்ன திரும்பியது?

1952ஆம் ஆண்டு லெஹ்மன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்தபோது, சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும் மரபணு அதில் தென்பட்டது என்பதே செய்தி. அரிவாள் செல் நோயின் மரபணு இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். அந்த நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் தொடங்கியதோ 2023 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் நீலகிரியில் தொண்டு அமைப்புகள் பரிசோதனையும் சிகிச்சையும் அளித்து வந்தன என்றாலும், நாட்டின் கவனம் அந்த மக்கள் பக்கம் திரும்ப 71 ஆண்டுகள் ஆயின. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆராய்ச்சிக்காக ரத்தமும் திசுவும் சேமிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இந்த நீண்ட இடைவெளி நம் நினைவில் இருக்க வேண்டும். மாதிரியைக் கெடாமல் காப்பது பாதி வேலை. அதைக் கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்வது மீதிப் பாதி.

முதல் பாதியே சுலபமானதல்ல. வால்பாறையில் ஒருவரிடம் எடுத்த ரத்தம் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிய பிறகுதான் கோவைக்கு வந்து சேரும். குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அப்படியே விட்டால் சர்க்கரை அளவு மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். மூன்று மணி நேரம் கழித்துச் சோதித்தால், வரும் எண் நோயாளியின் உடம்பைச் சொல்கிறதா, மலைப்பாதையின் தூரத்தைச் சொல்கிறதா என்றே தெரியாது. அதனால்தான் ரத்தத்தைச் சீக்கிரமே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, பிளாஸ்மாவையும் மரபணு ஆய்வுக்கான வெள்ளணுப் படலத்தையும் தனித்தனியே எடுத்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்கிறார்கள். உயிரோடு காக்க வேண்டிய செல்களுக்கு மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் தேவை. ஒருமுறை உருகி மறுபடி உறைந்தாலே மாதிரி நலியும் என்பதால், ஒருவரின் ரத்தத்தைப் பல சிறு குப்பிகளில் பிரித்து வைப்பார்கள். எப்போது எடுத்தது, எப்போது உறைந்தது என்பதெல்லாம் பார்கோடு வழியே பதிவாகும். இந்தக் கண்காணிப்பு ஓரிடத்தில் தவறினாலும் இழப்பு பெரிது. 2012இல் அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் ஒரு ஃப்ரீசர் பழுதாகி, அலாரமும் ஒலிக்காமல் போனதில், ஆராய்ச்சிக்கென்று குடும்பங்கள் கொடுத்திருந்த சுமார் 150 மூளைகள் சேதமடைந்தன.

இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் மருந்து இருக்கட்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எந்த மருந்து யாருக்கு என்று தெரிய, நம் மக்களின் மாதிரி வேண்டும். இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பது 2009இல் வெளிவந்தது. மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வு அது. ஐரோப்பியர்களின் ரத்தத்தை மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. தவிர, எல்லாச் சேமிப்புக்கும் ஃப்ரீசர் தேவையில்லை. பயாப்ஸி திசுவை மெழுகுக் கட்டியாக்கினால், மின்சாரம் இல்லாமலே பல ஆண்டுகள் இருக்கும்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் மாதிரி கொடுத்தவரிடம் ஒப்புதல் கேட்டால் ஆராய்ச்சி நத்தை வேகத்தில் நகரும் என்பது ஆய்வாளர்கள் தரப்பு வாதம். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினரின் அனுபவம் சாட்சி. 1990இல் தொடங்கி, நீரிழிவு ஆய்வு என்று நம்பி அவர்கள் கொடுத்த ரத்தம் மனநோய் ஆய்வுக்கும் பூர்வீக ஆய்வுக்கும் போனது. வழக்கு முடிந்து 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன: மாதிரி கொடுத்தவருக்கே சொந்தம், நிறுவனம் அதன் காவலர் மட்டுமே. இந்த ஆய்வுக்கு மட்டுமா, பின்னால் வரும் ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாமா, மீண்டும் கேட்க வேண்டுமா என்று படிவத்திலேயே தேர்ந்தெடுக்க வைத்தால் வேலை தடைபடாது.

இவற்றைவிடக் கனமான அச்சம் ஒன்று உண்டு. நோய் மரபணுவைச் சுமப்பவர் என்பது வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும், ஒரு சமூகத்துக்கே பெயர் கெடும் என்பது கற்பனை பயமல்ல. குப்பியில் பெயர் இல்லாமல் குறியீடு மட்டும் இருப்பதும், பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் வேறொருவர் பொறுப்பில் பூட்டியிருப்பதும், முடிவை உரியவரிடம் மட்டும் தனியே சொல்வதும் இதற்கான காப்புகள். யாருடைய ரத்தம் உள்ளே இருக்கிறதோ அந்த மக்களில் சிலர் மேற்பார்வைக் குழுவில் உட்கார்ந்தால் அவை உறுதியாகும்.

இதற்கு மேல் ஒரே ஒரு கடமையைக் கொங்கு வட்டாரத்தின் ஒவ்வொரு மாதிரி சேமிப்பகமும் ஏற்க வேண்டும். எத்தனை மாதிரிகள் வந்தன, எந்தெந்த ஆய்வுக்குப் போயின, என்ன கண்டறிந்தார்கள், அதனால் யாருக்கு என்ன சிகிச்சை கிடைத்தது என்பதை ஆண்டுக்கொருமுறை ஒரு பக்கத்தில், எளிய தமிழில் எழுதி, ஆனைகட்டியிலும் வால்பாறையிலும் மக்கள் முன் வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எழுத எதுவும் இல்லையென்றால், அடுத்த மாதிரியைக் கேட்கும் தகுதி அந்த நிறுவனத்துக்கு இல்லை.